ஒரு சஹன் அகலம்

மாலையில் அஸர் தொழுத கையோடு ஜெய்னம்பு லாத்தா பின்கதவைத் திறந்து முடுக்கில் இறங்கிவிடுவார். இடுப்பில் ஒரு சஹன். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. வயது அறுபத்து மூன்று. தெருவாசலை அவர் மிதித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடுகளின் பின்புறமாக ஓடும் இந்த முடுக்கு வழியாகவே எங்கள் காயல்பட்டினத்துக் கல்யாண வீடுகளில் பாதிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். இது பெண்கள் நடக்கிற வழி. ஆண்கள் வந்தே ஆகவேண்டுமென்றால் முனையில் நின்று கனைக்க வேண்டும். உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் காலெடுத்து வைக்கலாம்.

சஹன் வாடகைக்கு விடுவதுதான் அவர் தொழில். மொத்தம் நூற்றிருபது. திரும்பி வருவதை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார். "இது நம்மட இல்ல புள்ள, மாத்திட்டாங்க. போய்க் கேளு" என்று என்னை விரட்டுவார். போய்க் கேட்டால் மாறித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரியாக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஹாங்காங்கில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்த சிஹாபுத்தீன், மகள் ருகையாவுக்காகப் போன மாதம் வீடு கட்டத் தொடங்கினார். எங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேர்ந்துகொள்வார். ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால், பின்சுவருக்கான கயிற்றை முடுக்கின் நடுவில் முளையடித்துக் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலை கான்கிரீட். சுவர் எழும்பினால் அந்த இடத்தில் ஒருக்களித்துத்தான் போக முடியும். போதாக்குறைக்கு, கனைக்காமலே கொத்தனாரோடு உள்ளே வந்து நின்றார் மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்ன தம்பி இது?"

"பட்டாப்படி என் எடம்தான் லாத்தா. இப்ப யாரு இதுல நடக்குறா? புள்ளைங்கல்லாம் ஸ்கூட்டர்ல ரோட்டுல போவுது."

என் மகளும் அப்படித்தான் போகிறாள்.

"போவட்டும். நம்ம ஆம்பளைங்க கப்பலேறிப் போனா மூணு வருஷம், நாலு வருஷம் திரும்ப மாட்டாங்க. கல்யாணம், மையத்து விழுந்த வீடு, புள்ளப்பேறு எல்லாத்தையும் பொம்பளைங்க இந்த முடுக்குல நடந்துதான் நடத்துனாங்க. நீங்க பொறந்தப்ப மருத்துவச்சி ஓடி வந்ததும் இதுலதான். பட்டா எழுதுனவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

பிறகு லாத்தா உள்ளே போய் இன்னொரு சஹன் எடுத்து வந்தார். ருகையாவைக் கூப்பிட்டு ஒரு சஹனைக் கொடுத்தார். "அந்தப் பக்கம் போய் எதிர்க்க வா."

இருவரும் நடந்தார்கள். கயிற்றுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே சஹனோடு சஹன் இடித்துக்கொண்டது. விலக இடமில்லை.

"வீடு உங்களுக்கில்ல தம்பி, இவளுக்கு. இவ கல்யாணத்துக்கு நெய்ச்சோத்துச் சஹன் உள்ள வரணும், வெறுஞ்சஹன் வெளிய போவணும். எப்படிப் போவும்?"

ருகையா சஹனைக் கீழே வைக்கவில்லை. "வாப்பா, சுவரை உள்ள தள்ளிக் கட்டுங்க. அடுப்பங்கரை சின்னதா இருந்தாப் போதும் எனக்கு."

அவர் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை தெருப்பக்கம் கலவை இயந்திரம் உறுமத் தொடங்கியது. நான் பின்கதவுக்கு ஓடினேன். லாத்தாவோ, கயிற்றுக்குப் பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்கார்ந்து சஹன் துலக்கிக்கொண்டிருந்தார்.

முடுக்கு முனையில் ஒரு கனைப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். சிஹாபுத்தீன். கொத்தனார் இல்லை, கையில் முளை பிடுங்குகிற கடப்பாரை மட்டும். கால் மட்டும் முனையைத் தாண்டவில்லை.

லாத்தா நிமிரவில்லை. சிஹாபுத்தீன் மறுபடி கனைத்தார். லாத்தா சஹனைக் கழுவி, சாம்பல் போகிறவரை இன்னொரு தரம் கழுவினார்.

மூன்றாவது கனைப்புக்குத்தான் முக்காட்டைச் சரிசெய்தார். மணையை முளையிலிருந்து ஒரு சஹன் அகலம் தள்ளிப் போட்டுக்கொண்டு, "வாங்க தம்பி" என்றார்.