நடக்கத் தெரிந்த வண்டி

அப்பா வைத்திருந்த வண்டிக்கு ஓடத் தெரியாது, நடக்கத்தான் தெரியும் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். கேலியில் பொய் ஒன்றும் இல்லை. அது பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதனால் திருமுக்கூடல் பக்கத்துத் தோட்டங்களில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு, மாடுகளே திணறுகிற பாலாற்று மணலில் முக்கி முனகிக் கரையேறிவிடும். ஆனால் தார் ரோட்டுக்கு வந்த பிறகும் அதே நடைதான். நாலு கியர் இருந்தது. முதல் கியரில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, மறுபடி ஏறிக்கொள்ளலாம். அப்பா அதை ஒருமுறை எங்களுக்குச் செய்து காட்டியிருக்கிறார்.

காய்கறி எல்லாம் பட்டணத்துக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவார், விடிவதற்குள் கொத்தவால் சாவடியில் இறக்கியாக வேண்டும். வீடு திரும்ப உச்சிவேளை ஆகிவிடும். கொஞ்சம் கண்ணை மூடினால் மறுபடி தோட்டத்துக்குப் போக நேரம் வந்துவிடும். அப்பாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். சோற்றைப் பிசைந்து உருட்டியவர் அதைக் கையில் வைத்தபடியே தூங்கிப் போவதுண்டு. நானும் தம்பியும் அதைப் பார்த்துச் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டாள். மெல்ல அவர் தோளைத் தொடுவாள், அவ்வளவுதான்.

ஒருநாள் வண்டி ஒரு பக்கம் நசுங்கி வந்தது. கதவு இடுக்கில் பச்சைப் புளியங்கிளை ஒன்று செருகிக்கொண்டிருந்தது. அப்பா தூக்கக் கலக்கத்தோடே உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அம்மா அந்தக் கிளையை இழுத்துப் போட்டுவிட்டு, தம்பியை இடுப்பில் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு, பட்டண ரோட்டில் லாரி ஷெட் வைத்திருந்த என் மாமாவிடம் போனாள். அம்மாவின் தம்பி அவர். அம்மா அப்படி வாசல் தாண்டிப் போகிறவள் இல்லை. பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்பதென்றாலும் என்னைத்தான் அனுப்புவாள்.

மாமா லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"வண்டிய வித்துட்டு வேற வாங்கச் சொல்லுக்கா."

"அத அவரு உடமாட்டாரு."

"அப்ப கியர்பாக்ஸ மாத்தணும். அஞ்சு கியர் இருக்கிற பெட்டி ஒண்ணு பட்டணத்துல கெடக்குது. போட்டா ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்துருவாரு."

"ரெண்டு மணி நேரம் தூங்குவாரு" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து தோட்டத்தில் காய் குறைந்திருந்த நாட்களில் வேலை நடந்தது. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. அங்கே மூன்று கட்டைகளை முக்காலி போலக் கட்டி, சங்கிலி போட்டு, பழைய பெட்டியைத் தூக்கி இறக்கினார்கள். வந்த பெட்டி, அடிபட்டுக் கிடந்த ஏதோ வெளிநாட்டு வேனுடையது. சும்மா கழற்றி மாட்டுகிற காரியம் இல்லை அது. இன்ஜினில் இருந்த ஓட்டை ஒரு இடம், பெட்டியில் இருந்த ஓட்டை வேறு இடம். நடுவில் வைக்க லேத் பட்டறையில் ஒரு கனத்த இரும்புத் தட்டு கடைந்து வந்தது. புதுப் பெட்டி ஒரு சாண் நீளம் கூட. அதனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கிற இன்னொரு பெட்டிக்குப் போகும் தண்டை வெட்டிக் குட்டையாக்கி ஒட்டினார்கள். கியர் கம்பி ஸீட்டுக்கு அடியில் வந்து நின்றது. மாமா அதைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, தரைத் தகட்டை வெட்டி, அப்பாவின் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கழற்றிய போல்ட்டுகளைத் தேங்காய் ஓடுகளில் பிரித்து வைத்துக் காவல் இருந்தேன் நான்.

தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எங்கள் வீட்டைத் தவிர மற்ற எல்லாமே பட்டுத் தறி ஓடுகிற வீடுகள். எதிர்வீட்டுப் பெரியவர் தறியை விட்டு எழுந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, எவ்ளோ ஸ்பீடு போவும் இது?"

"இங்க ஆரன் அடிச்சா சத்தம் அடங்கறதுக்குள்ள பட்டணம் போயிரும் பெரியப்பா" என்றார் மாமா.

வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள், எவ்வளவு வேகம் போகும் என்று. எவ்வளவு மெதுவாகப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று மாதம் எங்கள் வீடு வேறு மாதிரி இருந்தது. அப்பா காலையிலேயே வந்துவிடுவார். சாப்பிட்டுவிட்டு நீட்டிப் படுப்பார். அம்மா எங்களை வெளியே துரத்திக் கதவைச் சாத்திவிட்டு, அவர் எழும்வரை வாசற்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பாள். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்குவாள். அப்பாவின் கண் வெளுத்தது. ஒருநாள் சாப்பிடும்போது தம்பியிடம் ஏதோ விளையாட்டுக் காட்டினார். அதுகூடப் புதிதாக இருந்தது எங்களுக்கு.

சித்திரையில் தெருக் கோயில் அம்மன் புறப்பாடு. காலையில் பல்லக்கில் ஏறும் அம்மன் வீட்டுக்கு வீடு நின்று, தேங்காய் உடைத்து, பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். பல்லக்குத் தூக்குகிறவர்கள் நெசவுக்காரர்கள். காலில் செருப்பு கூடாது. ரோடு மண்ணாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. தார் போட்ட வருஷம் அத்தனை பேருக்கும் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. தறிக்கு அடியில் இருக்கும் குழியில் கால் விட்டுப் பலகையை மிதித்தால்தான் தறி ஓடும். அந்த வருஷம் பாதித் தெருவில் பத்து நாள் தறிச் சத்தம் கேட்கவில்லை என்பார்கள். மறு வருஷம் அப்பா தானாகப் போய்ச் சொன்னாராம், என் வண்டி முன்னால் தண்ணீர் விட்டுக்கொண்டு போகட்டும் என்று. நாங்கள் முசரவாக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தெருவில் எங்களுக்கு ஒரு உறவுமுறை ஏற்பட்டது அந்தத் தண்ணீரால்தான்.

தொட்டியில் நாலு டிரம். அவற்றிலிருந்து வரும் தண்ணீர், வண்டியின் பின்னால் குறுக்கே கட்டிய ஓட்டைக் குழாய் வழியாக ரோடு முழுக்க விழும். டிரம் மேல் உட்கார்ந்து குழாயைத் திறந்து மூடுவது என் வேலை. பல்லக்குக்குப் பத்தடி முன்னால் வண்டி முதல் கியரில் அம்மன் நடைக்கு நடந்து போகும். ஈரம் காய்வதற்குள் அவர்கள் கால் வந்து விழும்.

அந்த வருஷம் வண்டி நடக்கவில்லை. பழைய பெட்டியின் இரண்டாவது கியர் எதுவோ, அதுதான் புதுப் பெட்டியின் முதல் கியர். மேலே ஒன்று கூட்டியபோது கீழே ஒன்று போயிருந்தது. பெரிய ரோட்டில் திரும்பியதும் வண்டி முப்பது நாற்பதடி முன்னால் போய்விட்டது. அப்பா நிறுத்திக் காத்திருந்து மறுபடி எடுத்தார். மறுபடி ஓடியது. நின்ற இடத்தில் குளம், ஓடிய இடத்தில் நாலு சொட்டு. அதுவும் கண்ணெதிரிலேயே காய்ந்து போனது. பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு மேளத்துக்கு ஏற்ற நடை, அவசரப்பட்டு ஓடவும் முடியாது.

"இன்னாபா, தண்ணி ஒரு எடத்துல கொட்டுது, காலு ஒரு எடத்துல வேகுது" என்று முன்கொம்பைப் பிடித்திருந்த எதிர்வீட்டுப் பெரியவர் குரல் கொடுத்தார். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டுப் பிடித்து ஓட்டினார். வண்டி ஓரளவு நடந்தது. கருகல் நாற்றம் வந்தது. ரோடு திரும்பும் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, வண்டி நின்றுவிட்டது. நடுரோட்டில் அம்மனை இறக்கக் கூடாது. தூக்கியவர்கள் கால் மாற்றி மாற்றி, பாதத்தின் விளிம்பில் நின்றார்கள்.

கூட்டத்திலிருந்து மாமா ஓடிவந்தார். கியரை எடுத்துவிடச் சொல்லி, "தள்ளுங்கபா" என்று தோளைக் கொடுத்தார். நாலைந்து பேர் வந்தார்கள். தண்ணீர் நிறைந்த வண்டி அசைந்து கொடுக்கவில்லை. அப்போது அம்மா தம்பியை யாரோ ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆம்பிளைகளுக்கு நடுவில் வந்து கை வைத்தாள். அதைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். வண்டி நகர்ந்தது. அப்பா இறங்கி, ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி காய்ந்த தாரில் வெறுங்காலோடு கூடவே நடந்தார். வண்டி அப்போதுதான் சரியான நடை நடந்தது. பின்னால் தள்ளியவர்கள் மேலெல்லாம் தண்ணீர். எனக்கு ஒரே கொண்டாட்டம். மாமா தலையில் விழட்டும் என்று குழாயை நன்றாகத் திறந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் தெருவில் ஏழு வீட்டில் தறி ஓடவில்லை. யாரும் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் காலில் துணி சுற்றிக்கொண்டு, "உடுபா, எங்களுக்கும் ஓய்வு வேண்டாமா" என்றார். அப்பா தெருவில் இறங்கினார். சத்தம் வராத வீடுகளைத் தாண்டும்போது குனிந்துகொண்டே நடந்தார். கிளட்ச் போன வண்டி காலி மனையில் நின்றது.

நாலாம் நாள் மாமா வந்தபோது அப்பா சொன்னார், "பழைய பெட்டிய மாட்டிடு மச்சான்."

"ஒரு நாளுக்கோசரமா மாமா? அன்னிக்கு மட்டும் மாட்டு வண்டியில டிரம்ம வெச்சிக்கினு போவலாமே."

"மாட்டு வண்டி அவங்ககிட்டயே இருக்குது. அப்புறம் நான் எதுக்கு?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அவள்தானே இதற்காக ஷெட் வரை நடந்தவள். அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த சோற்றை ஊட்டி முடித்தாள்.

"மாட்டுடா" என்றாள்.

பழைய பெட்டி ஏறியது. அதன் பிறகு வண்டி முதல்முதலாகப் பட்டணத்துக்குப் புறப்பட்ட சாயங்காலமே அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தம்பியை என்னிடம் கொடுத்து, காலையில் உலை வைக்கச் சொன்னாள். அன்று மட்டும் என்று நினைத்தேன். வாரத்தில் நாலு நாள் போக ஆரம்பித்தாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது.

அம்மா கடல் பார்க்கப் போகிறாள், மாடிக் கட்டடம் பார்க்கப் போகிறாள், என்னை அடுப்படியில் கட்டிப்போட்டுவிட்டு ஜாலியாகப் போய் வருகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. உச்சிவேளையில் வந்து இறங்குவாள். பட்டணம் எப்படி இருந்தது என்று கேட்டால் கையை மட்டும் ஆட்டுவாள். தொண்டை கட்டியிருக்கும். பட்டணம் பார்த்து வந்த கர்வம், பேசக்கூட மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். வண்டி ஓட்டுகிற அப்பா கண் அயராதபடி வழி நெடுகப் பேசிக்கொண்டே போய் வருகிறவள் அவள், அதுவும் பேசவே தெரியாதவள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்.

சாயங்காலம் புறப்படுவதற்கு முன்னால் தலைவாரிக்கொண்டே என்னைக் கூப்பிடுவாள். "தெருவுல இன்னாடி நடந்துது இன்னிக்கு? யார் ஊட்டுக்கு யார் வந்தாங்க? சும்மா சொல்லேன்" என்பாள். போகும் நாளெல்லாம் கேட்பாள், வழியில் பேசத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்தது, கோடி வீட்டு ஆடு தெருவில் நீட்டியிருந்த பாவு நூலைத் தின்றுவிட்டு அடி வாங்கியது, எல்லாம் எனக்குத் தெரியும். பகல் முழுக்க வாசலில் இருப்பவள் நான்தானே.

"ஒண்ணும் நடக்கல" என்பேன்.

அம்மா சீப்பை வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொள்வாள்.