தங்கை கல்யாணத்தன்று அழிக்கப்பட்ட ஒரு செய்தி

போன வருடம் ஆவணி மாதம், திருமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் என் தங்கையின் கல்யாணம் நடந்தது. அன்று காலை முகூர்த்தத்துக்கு முன்னால் என் போனில் நான் பார்த்த இரண்டு வரிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதுவும் தெரியாமல் இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் உள்ளே பருப்பா பட்டாணியா என்று தெரிந்தாக வேண்டும். பழங்காநத்தத்தில் என் மகள் படிக்கும் பள்ளியின் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒருநாள் ஒருத்தி நீளமாக ஏதோ போட்டுவிட்டு, நான் திறப்பதற்குள் அழித்துவிட்டாள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் நின்றது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே, அழித்த செய்திகளை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு ஆப்பை இறக்கிவிட்டேன்.

மீட்பது என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்பு போனது போனதுதான். அதற்குப் பிறகு போனின் மேல்பக்கம் வந்து விழும் அறிவிப்புகளை அது ஓரமாக நகல் எடுத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவே. அதற்கு எல்லா அறிவிப்பையும் படிக்க அனுமதி கேட்டது. நானும் கொடுத்தேன். என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓடிபி, பேங்க் மெசேஜ் அம்புட்டையும் படிப்பேங்குது, நீயும் சரிங்குற. முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட வீட்டுச் சாவியக் குடுப்பியா?"

நான் காதில் வாங்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஆப்பில் எனக்குக் கிடைத்ததெல்லாம் எழுத்துப்பிழையோடு போட்ட காலை வணக்கமும், இடம் மாறி வந்த மளிகைச் சாமான் பட்டியலும், ஒரு அம்மா தன் மாமியாரைப் பற்றித் தன் அக்காவுக்கு எழுதித் தெரியாமல் எங்கள் குழுவில் போட்ட புலம்பலும்தான். அந்தப் புலம்பல் நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்.

என் அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒருவர், பேரையூரில் இருந்த எங்கள் சித்தப்பா. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை அப்பாதான் தூக்கி வளர்த்தார். சித்தப்பா மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஒருநாள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாயி, அவனுக்கு ஒண்ணுன்னா எந்நேரமா இருந்தாலும் எனக்குத்தான் மொதல்ல சொல்லணும். யாரு மறைச்சாலும் நீ மறைக்கக் கூடாது" என்றார். சரிப்பா என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

தங்கையின் கல்யாணம் ஏற்கனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு. அதற்கே ஊரில் ராசி அது இதென்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். இன்னொரு தடவை தள்ளிப்போனால் அந்தப் பேச்சு என் தங்கையின் தலையில்தான் விடியும். சித்தப்பாவே, "என்னையப் பாத்துக்கிட்டு இருக்காம முடிங்கண்ணே" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவரால் வர முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து பேரையூர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள், சித்தியும் மகனும் அவர் பக்கத்திலேயே இருந்தார்கள். தாலி கட்டும்போது வீடியோ காலில் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்த வேலை எனக்கு. வீட்டில் போனுக்கு டாக்டர் நான்தானே!

அன்று காலை மணப்பெண் அறையில் தங்கைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தோம். என் போன் ஒரு சத்தம் போட்டது. கையில் இருந்த ஹேர்பின்னைக் குத்திவிட்டுப் பார்த்தால், எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா மகன் எதையோ போட்டு, அழித்திருந்தான். மற்றவர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்து யாரோ, முகூர்த்தத்துக்கு வண்டி கிளம்பியாச்சா என்று கேட்டிருந்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? ஆப்பைத் திறந்தேன். திறந்ததும் ஒரு ரம்மி விளம்பரம் வந்தது. மேளதாளத்தோடு சீட்டுக்கட்டு பறந்தது, கோடீஸ்வரன் ஆகலாம் வாங்க என்று ஒருத்தன் சிரித்தான். அதை மூடுகிற பெருக்கல் குறி வருவதற்குக் காத்திருந்தேன். அது வந்ததும் தொட்டேன். அடியில் இருந்தது.

'அப்பா போயிட்டாங்க. பெரியப்பாகிட்ட யாராச்சும் பக்குவமாச் சொல்லுங்க.'

கண்ணாடியில் தங்கை என்னைப் பார்த்துச் சிரித்து, "என்னக்கா, யாரு அழிச்சா?" என்று கேலி செய்தாள். பேட்டரி இல்லை என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தேன்.

பங்காளி வீட்டில் சாவு என்றால் எங்களுக்குத் தீட்டு. காதில் விழுந்த நிமிடத்திலிருந்து அப்பா மணவறையில் உட்கார முடியாது, பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியாது. காதில் விழாதவரை ஒன்றுமில்லை. அதனால்தான் கல்யாண வீட்டுக்கு இப்படி ஒரு தகவல் வந்தால் தாலி ஏறுகிற வரைக்கும் அமுக்கி வைப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனால் அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு? போதாததற்கு, யாராச்சும் சொல்லுங்கள் என்று அவன் எழுதியிருக்கிறான். படித்தது நான் ஒருத்திதான். அப்படியென்றால் அந்த யாராச்சும் நான்தானே என்று எனக்குத் தோன்றியது. அவனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், அணைத்து வைத்திருந்தான்.

கணவரிடம் சொன்னேன். "அவங்களே வேணாம்னு அழிச்சதை நீ எதுக்குத் தோண்டுன? இப்ப வாயத் தொறக்காத" என்றார். எனக்குக் கோபம் வந்தது. தூக்கி வளர்த்த தம்பி போய்விட்டான், இங்கே ஒரு மனிதர் அது தெரியாமல் பன்னீர் தெளித்துக்கொண்டு நிற்கிறார். நாளைக்கு, நீயுமா தாயி மறைத்தாய் என்று அவர் கேட்டால் என் முகத்தை எங்கே வைப்பது? அதோடு இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடியோ கால் போடச் சொல்வார். யாரைக் காட்டுவது? சொல்லிவிடுவது என்றே முடிவு செய்தேன்.

அப்பா மேடைப் படியில் ஏறப்போனார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அப்பா, ஒரு நிமிஷம்..." என்றேன். அவர் என் மற்றொரு கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஹோமப் புகை இன்னும் எழும்பவே இல்லை.

"வீடியோ கால் வேணாம் தாயி. போனைப் பைக்குள்ள வையி" என்றார்.

நான் வைக்கவில்லை. அவர் என் காதோடு சொன்னார். "நான் இன்னும் எதையும் கேக்கல. நீயும் எதையும் பாக்கல. போய்த் தங்கச்சி பக்கத்துல நில்லு."

படியேறிப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாரை வார்க்கும்போது அவர் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. நான்தான் தங்கைக்குப் பின்னால் நின்று அழுதேன். அக்கா அழுகிறாள், பாசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. அட்சதை போட்டவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு முடித்துவிட்டு, அப்பா சமையல்கட்டுக்குப் பின்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன். சித்தப்பா மகனுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை எடுத்தான்.

"தாலி ஏறிருச்சுப்பா. இப்பச் சொல்லு" என்றார்.

அவன் சொன்னான். அதற்கப்புறம்தான் அப்பா அழுதார். அதுவரை தெரியாத செய்தியை அப்போதுதான் கேட்பவர்போல வாய்விட்டு, பாத்திரங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதார். நடிப்பு இல்லை அது. அத்தனை நேரமும் அந்த அழுகையை வைத்துக்கொண்டேதான் வந்தவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார்.

பேரையூருக்குக் காரில் போகும்போது சொன்னார். சித்தப்பா வீட்டிலிருந்து வாழ்த்து வருமென்று காலையிலேயே போனைக் கையில் வைத்திருந்தாராம். செய்தி வந்தபோதே பார்த்துவிட்டார், அது கண்ணெதிரே மறைந்ததையும் பார்த்தார். "அழிக்கிறாங்கன்னா எனக்குத் தெரிய வேணாம்னு நெனைக்கிறாங்க. அப்ப எனக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்" என்றார். அந்த இரண்டு வரிகளை நானும்தான் படித்தேன். அதை ஏன் அழித்தார்கள் என்று அவர் யோசித்தார், நான் யோசிக்கவில்லை. அந்த ஆப் அதைச் சொல்லவும் சொல்லாது.

அழிக்கச் சொன்னது சித்தியாம். மகன் பதறிப்போய்ப் போட்டதைப் பார்த்து, கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக அழிக்க வைத்திருக்கிறார். அழுதால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் எப்படியாவது மண்டபத்துக்கு வந்துவிடும் என்று கதவைச் சாத்திவிட்டுப் புருஷன் பக்கத்தில் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் போய் இறங்கியபோதும் அப்படியேதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலைப்பை எடுத்தார்.

"தாலி ஏறிருச்சாடி?"

"ஏறிருச்சு சித்தி."

அப்போது அந்த வீட்டிலிருந்து எழுந்த சத்தத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அந்த ஆப்பை நம்பலாமா என்று யாராவது கேட்டால், கணவர் சொன்ன சாவிக் கதையைச் சொல்லி வேண்டாம் என்கிறேன். என் சொந்தக் காரணம் வேறு, அதை எல்லோரிடமும் சொல்ல முடிவதில்லை. குழுவில் யாராவது எதையாவது அழித்தால் இப்போதும் மனசு அரிக்கத்தான் செய்கிறது, குணம் எங்கே போகும்? ஆனால் யாரோ ஒருவர் எனக்காக எதையோ தொண்டைக்குள் நிறுத்தி வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, அவராகச் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.