சிவப்புக்குப் போன பட்டை

அப்பாவின் குரலைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்த மத்தியானம் எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். மறுநாள் அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அடையாறு ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே சேர வேண்டும்.

கம்ப்யூட்டர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் உதிரி பாகங்களை வாங்கி அவனே பூட்டியது. மைக்கைச் செருகி, திரையில் குதிக்கும் பட்டையைக் காட்டி, என்னை நாற்காலியில் உட்காரவைத்தான்.

"அப்பா பேசறப்ப இது பச்சைக்குள்ளயே இருக்கணும். சிவப்புக்குப் போச்சுன்னா மவுஸால இந்தக் குமிழைக் கொஞ்சம் கீழ இழு. ரொம்ப இழுத்துடாத."

சிவப்புக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்பதற்குள், கடைக்குப் போவதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டான். என்ன வாங்க என்று சொல்லவில்லை.

இரைச்சல் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். அடுக்களையில் அம்மா ஒரு பாத்திரத்தைக்கூடத் தொடவில்லை.

சிவப்பு என்றால் எனக்கு அப்போது ஒன்றுதான். அந்த வாரம் அப்பா வாய் கொப்பளித்துவிட்டுப் போன வாஷ்பேசினில், தண்ணீர் விட்டும் போகாத ஒரு கோட்டைப் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா பேச ஆரம்பித்தார். கதையும் இல்லை, பாட்டும் இல்லை. "கேட்டைச் சாத்திட்டு வா." "சாப்பிட்டாச்சா?" "யாரு? இருங்க, வரேன்." அண்ணனைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டார். பிறகு அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 

நடுவில் இருமல் வந்தது. பட்டை உச்சிக்குப் போய்ச் சிவந்தது. அவர் தொண்டைக்குள் நடப்பதைத்தான் அது காட்டுகிறது என்று நினைத்தேன். குமிழை இழுத்தேன். இன்னொரு இருமல், இன்னும் இழுத்தேன். பட்டை அடியில் ஒரு பச்சைப் புள்ளியாக ஒடுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு, கடைசிவரை அதை அங்கேயே வைத்திருந்தேன்.

அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்து போட்டுக் கேட்டான். முதல் சில வார்த்தைகள் தெளிவாக இருந்தன. பிறகு வெறும் 'உஸ்' சத்தம். அதற்கடியில் அடுத்த வீட்டில் யாரோ பேசுவதுபோல் ஏதோ. ஸ்பீக்கரை முழுக்கத் திருப்பினான். இரைச்சல்தான் பெரிதாயிற்று. அடிக்கப்போகிறான் என்று பயந்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"இன்னொரு தடவை முடியுமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார். களைத்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

என்னைப் பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள். தப்புச் செய்தவள் நான்தான் என்பதால், சமாதானமும் நானே சொன்னேன்.

"பரவாயில்லப்பா. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் மறுபடி எடுத்துக்கலாம். அப்ப தொண்டை சரியாயிடும்ல?"

அம்மா சட்டென்று படியிறங்கிவிட்டாள். அப்பா என் தலையில் கை வைத்து, "எடுத்துக்கலாம்" என்றார், பாதி காற்றாக.

ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்பா பிழைத்து வந்தார். பல வருஷம் எங்களோடு இருந்தார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான் என்று தெரியாமல், நான் மாமி வீட்டு வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன்.