நர்ஸ் சொன்ன பழம்

சுடலைமணியைப் போல ஒரு கஞ்சனை நான் மட்டாஞ்சேரியில் பார்த்ததில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஏதோ பட்டம் கொடுத்தது மாதிரி சிரிப்பான்.

ஊர் சங்கரன்கோவில் பக்கம். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. களமசேரியில் எழும்பும் அடுக்குமாடிகளில் பாதியின் தரை அவன் கையால் ஆனது. எங்கள் சுவரோடு சுவராக இருக்கிற அவனுடைய வாடகை வீட்டுத் தரையையும் பார்க்க வேண்டும். வேலை நடக்கிற இடங்களில் மிச்சமான துண்டுகளைப் பொறுக்கி வந்து ஒட்டியிருக்கிறான். குளியலறைப் பூ அடுக்களையில் பூத்திருக்கும். வீட்டுக்காரருக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். மாலையில் பஸ்ஸில் தோப்பும்படி வரைக்கும்தான் வருவான். அங்கிருந்து மழையானாலும் நடை. வெளியே ஒரு சாயா குடிக்க மாட்டான். வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் கொண்டுபோய்விடுவான். கொச்சிக்கு வந்து ஆறு வருஷமாகியும் ஒரு சாயாக்கடைக்குள் கால் வைக்காத மனிதன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவன் பெண்டாட்டி செல்வலட்சுமி இங்கேயே பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரு குறை உண்டு, அதை என்னிடம் மட்டும்தான் சொல்வாள். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் மாம்பழம் கேட்டாளாம். “வெல எறங்கட்டும்” என்றானாம் இவன். விலை இறங்கிய நேரத்தில் மழையும் இறங்கிவிட்டது. மழை விழுந்தால் எங்கள் பக்கத்து மாம்பழத்தில் புழு வைத்துவிடும். அடுத்த வருஷமும் அதே கதை. நான்கு கோடை இப்படியே போயிற்று.

“மாங்கா கிட்டலையேன்னு ஒண்ணும் இல்லக்கா. எனக்குன்னு இந்த ஆளு ஒரு பழம் வாங்கமாட்டாரான்னுதான்” என்பாள்.

இந்த வருஷம் அவள் உண்டானாள். சுடலைமணிக்குத் தலைகால் புரியவில்லை. மழை தொடங்கியதும் முதலில் அவன் செய்த காரியம், வீட்டில் வாழைப்பழத்துக்குத் தடை போட்டது. மழைக்காலத்தில் வாழைப்பழம் தின்றால் சளி பிடிக்கும் என்பது அவன் ஊர்க் கணக்கு. அந்த வாரமே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே ஸ்நேஹா என்று ஒரு நர்ஸ், சுறுசுறுப்பான பெண். மாத்திரைகளைக் கையில் திணித்துவிட்டு இவன் பக்கம் திரும்பி, “ராத்ரி ஊணு கழிஞ்ஞு ஒரு பழம் கொடுக்கணும். முடக்கருது, கேட்டோ?” என்றிருக்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழம், ஒருநாளும் விடக்கூடாது. இவன் பயபக்தியோடு தலையாட்டினான்.

மலையாளத்தில் வெறுமனே பழம் என்றால் அது வாழைப்பழம்தான். மற்றதற்கெல்லாம் தனித்தனிப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தச் சாயாக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் பழம்பொரி உட்கார்ந்திருக்கும், அதுவும் வாழைப்பழம்தான். சாயாக்கடைக்குப் போகிறவனாக இருந்தால் சுடலைமணிக்கு இது முதல் வருஷமே தெரிந்திருக்கும். அவனோடு வேலை செய்கிறவர்களும் எல்லாரும் தமிழ்நாட்டு ஆட்கள். யார் சொல்லிக் கொடுப்பது?

அன்று மாலை தோப்பும்படியில் இறங்கியவன் நாணு சேட்டனின் பழக்கடையில் போய் நின்றான். கர்ப்பிணிக்கு எது நல்லது என்று கேட்டான். நாணு சேட்டன் வியாபாரி அல்லவா, கடையிலேயே விலை கூடினதைக் காட்டினார். மங்குஸ்தீன். அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது, கிலோ நானூறுக்கு மேல். சுடலைமணி விலையை இன்னொரு தடவை கேட்டானாம். பிறகு, “ஒண்ணு தாங்க” என்றிருக்கிறான்.

“ஒரெண்ணமோ?” நாணு சேட்டன் சிரித்துவிட்டார். “ஒரு கிலோ எடுத்தோ மணீ.”

“அழுகிட்டா யார் பொறுப்பு? நாளைக்கு வந்து நாளைக்கு உள்ளத வாங்குதேன்.”

அந்த ஒன்றையும் சும்மா எடுக்கவில்லை. மங்குஸ்தீனின் அடியில் சின்னப் பூ மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. கூடை முழுவதையும் புரட்டி, இதழ் அதிகமானதைத் தேடி எடுத்தான். அதைச் சட்டைப்பையில் போட்டுக் கையால் பொத்திக்கொண்டு மழையில் நடந்து வந்ததை என் வீட்டு வாசலிலிருந்து நானே பார்த்தேன். நெஞ்சு வலியோ என்று பயந்துபோனேன்.

செல்வலட்சுமிக்கு நர்ஸ் சொன்னது என்னவென்று நன்றாகத் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் பழம் அவள் கையில் இருந்தது. நான்கு வருஷத்தில் அவளுக்கென்று அவன் வாங்கிய முதல் பழம். சொன்னால் நாளைக்கு இது வராது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை என்னிடம் வந்து விஷயத்தைச் சொல்லி, “அக்கா, உங்க வீட்டுல ஏத்தப்பழம் உண்டா?” என்று கேட்டாள். நேந்திரன் வாழைப்பழத்துக்கு இங்கே அதுதான் பேர். அன்றிலிருந்து நர்ஸ் சொன்ன பழத்தை என் அடுக்களையில் தின்றாள். புருஷன் புரிந்துகொண்ட பழத்தை அவள் வீட்டில் தின்றாள். மங்குஸ்தீன் கிடைக்காத நாளில் ரம்புட்டான் வந்தது. ஒருநாள் பஸ்ஸில் ஏறாமல் மிச்சம்பிடித்த காசில் நாவல்பழம் வந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. பழம் வர வர அவளுக்குப் பயமும் வந்தது.

“அவரு வாங்குறது ஆஸ்பத்திரிக்குப் பயந்து. வயித்துல கெடக்குறதுக்காக. காரியம் தெரிஞ்சா நின்னுபோகும், இல்லையாக்கா?”

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் நின்றுதான் போகும். அதை அவளிடம் சொல்லவில்லை.

காரியம் தெரியத்தான் செய்தது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஸ்நேஹா, “பழம் கழிக்குன்னுண்டல்லோ?” என்று கேட்டிருக்கிறாள். பழம் சாப்பிடுகிறாய்தானே என்று. செல்வலட்சுமி ‘உண்டு’ என்று சுருக்கமாக முடித்துவிட்டாள். ஆனால் சுடலைமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. செலவு செய்ததைச் சொல்லிக்கொள்ள வாழ்நாளில் அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

“டெய்லி ஒண்ணு சிஸ்டர். மங்குஸ்தீன். கெடைக்கலன்னா ரம்புட்டான்.”

“மங்குஸ்தீனோ! ஞான் பழமல்லே பறஞ்ஞது? ஏத்தப்பழம்!” என்று சிரித்த நர்ஸ், செல்வலட்சுமியைப் பார்த்து, “நீ இவிடத்துக்காரியல்லே? நினக்கும் அறிஞ்ஞூடே?” என்று கேட்டாள். இந்த ஊர்க்காரி உனக்குமா தெரியாது என்று.

சுடலைமணிக்கு மலையாளம் குறைவுதான். இது புரிகிற அளவுக்கு இருந்தது. வழி முழுக்க அவளுக்கு முன்னால் நடந்தான். இவளை வீட்டில் விட்டுவிட்டு அரைநாள் வேலைக்குப் போய்விட்டான். செல்வலட்சுமி என் வீட்டுக்கு வந்து, கொடுத்த சாயாவைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அவன்மேல் கோபமாகவும் இருந்தது.

மாலையில் ஒரு சீப்பு ஏத்தப்பழத்தோடு வந்தான். அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டு, “இது நர்ஸ் சொன்னது” என்றான். சட்டைப்பையில் கைவிட்டு ஒரு மங்குஸ்தீனை எடுத்து அவள் முன்னால் வைத்தான். “இது நீ திங்கது.”

அவள் அதை எடுக்காமல் நின்றாள்.

“ஏன்ளா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா இது வருமா?”

அவன் சண்டைக்கு வரவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். அந்தப் பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தவன், “ஏளா, இது புளிக்குமா இனிக்குமா?” என்று கேட்டான்.

மங்குஸ்தீன் வந்த முதல் நாளே அவள் ஒரு சுளையை நீட்டியிருக்கிறாள். “எனக்கு ஒத்துக்காது” என்று அவன் தள்ளிவிட்டான். அதை அப்படியே நம்பிவிட்டாள். அத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் இரண்டாம் முறை கேட்கவே இல்லை. “அவரு எனக்கு வாங்குவாரா வாங்குவாரான்னு பாத்துட்டே இருந்தேனே தவிர, அவரு தின்னாரான்னு ஒருநாள் பாக்கலக்கா. அந்தப் பழத்தோட ருசியே அவருக்குத் தெரியல” என்று என்னிடம் சொல்லும்போது அழுதாள்.

அன்று அவளே பழத்தை அழுத்திப் பிளந்து, இருந்ததிலேயே பெரிய சுளையை அவன் வாயில் வைத்தாளாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். கொட்டையை உள்ளங்கையில் துப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதயும் திங்கலாமா?” என்று கேட்டானாம்.