நூர்ஜஹான் டீச்சரின் நிக்கிற ஈ

காலையில் போன் அடித்தாலே கெட்ட செய்தி என்று நினைப்பவள் நான். போன வாரம் மட்டும், தோசை கருகுகிறதே என்ற எரிச்சலோடு எடுத்தேன். நூர்ஜஹானின் தம்பி, கடைவீதியில் வாட்ச் கடை வைத்திருப்பவர். "டீச்சர், அக்கா மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே உசுரு போயிருக்கு," என்றார். அடுப்பை எப்போது அணைத்தேன் என்று ஞாபகமில்லை.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? 'அவர்' என்று எழுதவும் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சியில் ஒரே பள்ளியில் அவள் விலங்கியல், நான் கணக்கு. எனக்குத் தேனீ என்றால் உயிர் பயம். சும்மா பயமில்லை; ஒருமுறை கொட்டித் தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். இன்னொரு தடவை கொட்டினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டாஃப் ரூமில் எது ரீங்கரித்தாலும் நான் வராந்தாவில் நிற்பேன்.

அந்த ஓட்டத்தைப் பார்த்து அவளுக்கே சலித்துவிட்டது. "உடம்புல மஞ்சக் கோடு இருக்குன்னு ஓடாத. அது வேஷம். கண்ணைப் பாரு," என்பாள். தேனீயைப் போலவே கோடு போட்டுக்கொண்டு, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்கும் ஈக்கு அவள் வைத்த பெயர் 'நிக்கிற ஈ'. தம்பி கடை லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விளக்குவாள். தலை முழுக்கக் கண். ஆணுக்கு இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு நடுவில் இடைவெளி. தலையிலிருக்கிற உணர்கொம்பு குட்டை, இடுப்பு சிறுக்காது, இறக்கை இரண்டுதான். கொட்டத் தெரியாது. கொட்டுகிற தேனீக்கோ கண் பக்கவாட்டில், கொம்பு நீளம், இடுப்பு சிறுத்திருக்கும், இறக்கை நாலு.

"இவ்வளவும் பாக்கிற வரைக்கும் அது சும்மா இருக்குமா?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

பயத்தைத் தெளியவைக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு இழுத்துப்போனாள். பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு. வெள்ளிமலைப் பக்கம் கடுகு பூத்த கொல்லை. ஒன்று வந்து என் மூக்குக்கு நேரே நின்றது. "ஆண் ஈ. கண்ணு ஒட்டிக்கினு இருக்கு பாரு," என்றாள். பார்த்தேன். நிஜம்தான். அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அடுத்தது என் கழுத்தோரம், முந்தானையில் உட்கார்ந்தது. நூர்ஜஹான் குனிந்து பார்த்தாள்.

"ஈ தானே?"

"ஆடாத."

"ஈ தானே நூரு?"

அவள் அதைக் கையால் பொத்தி எடுத்து, நாலடி தள்ளிப்போய் விரித்தாள். உள்ளங்கையில் கொடுக்கு தைத்திருந்தது.

பஸ் வரும்வரை அவளைத் திட்டித் தீர்த்தேன். தேனீ என்று சொல்லித் தொலைத்தால் என்னவாம்? "சொன்னா குதிச்சிருப்ப, உன்னியக் கொட்டிருக்கும். எனக்கு இன்னா, வீங்கும், வடிஞ்சிடும். உனக்கு அப்படியா?" என்றாள். வீங்கிய கையாலேயே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

அவளிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தப் பார்வைதான். ரீங்காரம் கேட்டால் இப்போது ஓடுவதில்லை. பயத்தோடே நின்று கண்ணைப் பார்க்கிறேன், கொம்பைப் பார்க்கிறேன், இடுப்பைப் பார்க்கிறேன். ஈயா தேனீயா என்று எனக்கே சொல்லத் தெரியும். தேனீ என்றால் வந்து பொத்திக்கொள்ள இனி எனக்கு யார் இருக்கிறார்கள், நூரு?