பருந்தின் காலில் ரோஸ் நூல்

சுகன்யாவால் பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாது. ஆனால் செய்வதோ உட்கார்ந்த வேலை. ஆரணிப் பட்டுச் சேலைகளுக்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஜன்னலில் பருந்தின் நிழல் ஓடினால் போதும், கேமராவோடு மொட்டைமாடிக்குப் பாய்ந்துவிடுவாள்.

பழைய கேமரா. கனமான லென்ஸ். பறக்கும் பருந்தை லென்ஸுக்குள் பிடிப்பதற்குள் அது திரும்பிவிடும். இரண்டு வருடம் எடுத்ததெல்லாம் மங்கல், பாதி இறக்கை, வெறும் வானம்.

ஒரு ஜனவரி காலையில் நல்ல படம் வாய்த்தது. கரும்பருந்து ஒன்று தலைக்கு மேலே சரிந்து திரும்பியது. இறகு இறகாகத் தெளிந்த படம். கணவன் ஜெயவேலைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது, பருந்தின் காலில் சுற்றிய ரோஸ் நிறப் பட்டு நூல் ஒரு முழ நீளம் தொங்கியது. கூடு கட்டத் தறி வீடுகளின் கழிவு நூலைக் கொத்திப் போயிருக்க வேண்டும்.

அதன்பின் அவளுக்கு வேலை ஓடவில்லை. மூன்று நாள் சாயங்காலமும் ஸ்கூட்டரில் ஏரிக்கரையைச் சுற்றினாள்.

"படம்தான் கெடைச்சிடுச்சே, இன்னும் இன்னா தேடிகினு கீற?" என்றான் ஜெயவேல்.

"கெளையில நூல் மாட்டிச்சினா தலைகீழா தொங்கிடும்ங்க. எனக்கு சாப்பாடே எறங்கல."

நான்காம் நாள் காலையில் அவனும் கூட வந்தான். கரையோரப் புளியமரத்தைச் சுற்றிக் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. உச்சிக் கிளையில் பருந்து தலைகீழாகத் தொங்கியது. ஓர் இறக்கை மட்டும் விட்டு விட்டு அடித்தது.

ஜெயவேல் ஓடிப்போய், தேங்காய் பறிக்கும் பொன்னுசாமியை அழைத்து வந்தான். அவர் மேலேறிக் கிளையை வெட்டி, பருந்தைத் துண்டில் சுற்றி இறக்கினார்.

"ஜல்திமா, கொத்துது!" என்றார்.

ஜெயவேல் துண்டோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ள, சுகன்யா சின்னக் கத்தரியால் நூலை வெட்டினாள். நூல் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. கடைசி இழை அறுந்ததும் நகம் அவள் கையில் பாய்ந்தது. துண்டு விலகியது. பருந்து தரையோடு தடுமாறி, தண்ணீர்மேல் தாழ்ந்து, மெல்ல எழும்பியது. படமெடுக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பொழைக்குமாங்க?" என்று பொன்னுசாமியைக் கேட்டாள்.

"பறந்துகினு போச்சே, அதுக்கு மேல நமக்கு இன்னாமா தெரியும்?"

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. கையில் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாளே அந்தப் படத்தோடு தறி வீடுகளில் ஏறி இறங்கினாள். கழிவு நூலை வெளியே வீசாமல் பையில் கட்டி வையுங்கள் என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒன்பது வீடுகளில் ஒப்புக்கொண்டார்கள்.

அதே பருந்தை அவள் மறுபடி பார்த்தாளா என்று அவளுக்கே தெரியாது. இப்போதெல்லாம் எந்தப் பருந்தைப் படமெடுத்தாலும், முதலில் கால்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள்.