அரிசி நீளத்து ரெசிஸ்டர்

எழுபதுகளின் நடுவில், திருவொற்றியூரில் கப்பல் ரேடாருக்குப் பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் டிசைன் பிரிவில் இருந்தேன். ராயபுரத்திலிருந்து பஸ். ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சால்டரிங் மேஜையில் என் வயசுக்காரி ஒருத்தி, வியாசர்பாடியிலிருந்து வருவாள். அவள் டப்பாவில் நெத்திலிக் குழம்பு என்றால் எனக்கும் பாதி உண்டு. அவளை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று மேலே பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

நான் வரைந்த சர்க்யூட் பலகை ஒன்று வம்பு பண்ணியது. வரும் சிக்னலை அது இரண்டாகப் பிரித்து இரண்டு வழியில் அனுப்ப வேண்டும். ஒரு வழியிலுள்ளது மற்றதில் கலக்காமலிருக்க நடுவில் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. கணக்கில் கலக்கவில்லை, பலகையில் கலந்தது.

மேனேஜர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கு சுத்தமா இருக்கு. சால்டரிங்தான் சரியில்ல" என்றார்.

அவள் பிரித்து மறுபடி ஈயம் வைத்தாள். ஒரு வழியிலிருந்து மற்றதுக்குக் கசிவு அப்படியே இருந்தது.

"இன்னாம்மா இது, என் கை மேலயே பழி போட்றாங்கோ? ஈயம் பளபளன்னு கீது, நீயே பாரு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அழாதடி. கணக்கையும் ஒருதபா கிளறிப் பாக்குறேன்."

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. கணக்கில் நாங்கள் எல்லோருமே ரெசிஸ்டரை வெறும் ஓர் எண்ணாகத்தான் எழுதுவோம். அதற்கு நீளமே கிடையாது. எங்கள் சிக்னலின் அலையோ விரல்கணு அளவுதான். அதற்கு அரிசி நீளத்து ரெசிஸ்டர்கூடப் பெரிய தூரம். அலை அதைக் கடப்பதற்குள் தாளம் தப்பிவிடும்.

ரெசிஸ்டரைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தடை, கொஞ்சம் நீளம் என்று புதிதாக எழுதினேன். கம்ப்யூட்டர் இருந்தது கிண்டிப் பக்கம். அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் விடைத்தாள் கிடைக்கும். முதல் தடவை ஏதோ ஒரு கமா விட்டுப்போய், தாள் முழுக்கத் தப்பு தப்பு என்றே வந்தது. அடுத்த தடவை, மீட்டர் காட்டிய அதே கசிவு தாளிலும் இருந்தது. அங்கேயே நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"சார், சால்டரிங் இல்ல. ரெசிஸ்டரோட நீளம்தான்" என்று தாளை நீட்டினேன்.

மேனேஜர் தாளை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். "இன்னும் சின்னதா போட்டா?"

"அதையும் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்துட்டேன் சார். கசிவு நிக்குது."

கம்பிக் காலில்லாத பொடி ரெசிஸ்டரை பெங்களூரிலிருந்து வரவழைத்தார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, இடுக்கியால் பிடித்து வைத்தாள். மீட்டரின் முள் சரசரவென்று இறங்கியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளிடம், "உன்மேல தப்பில்லம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். கொஞ்ச நாளில் அவளுக்கு நிரந்தர வேலை உத்தரவும் வந்தது.

உத்தரவு வந்த அன்று சாப்பிடும்போது கேட்டாள்: "அந்த அட்டையில ஓட்ட போட்றியே, எனக்கும் கத்துக் குடுக்கிறியா?"

அடுத்த முறை கிண்டிக்கு இருவருமாகப் போனோம். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவள் பிடித்துக்கொண்டாள்.